25 ஆண்டு கெடாத உணவு: நம் வீட்டுக்கு எந்த பிராண்ட் கட்டுப்படியாகும்?

நீண்ட நாள் கெடாத உணவு வாங்கி வைக்கலாமே என்று இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது வாளியில் அடைத்து விற்கும் அமெரிக்க உணவுகள்தான். மௌண்டன் ஹவுஸ், ரெடிவைஸ், மை பேட்ரியட் சப்ளை என்று வரிசையாக வரும். வாளியின் மேல் ‘120 சர்விங்’ (120 முறை பரிமாறும் அளவு), ‘25 ஆண்டு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். புதிதாக வாங்குபவர் விலையையும் அந்த 25ஐயும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எதையாவது கூடையில் போட்டுவிடுவார். ஆனால் அந்த 25 ஆண்டு, குளிர்ந்த உலர்ந்த நிலவறையை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு. சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நிலவறை ஏது? இங்கே சராசரி வெப்பம் 27, 28 டிகிரி. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். எந்த ஆயுளுக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறோமோ, அதில் ஒரு பங்கை நம் வானிலையே தின்றுவிடுகிறது. பிராண்டுகளை ஒப்பிடும்போது முதலில் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை நாளைக்கு வேண்டும்?

வாங்குவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்துதான் கொண்டுவருகிறது. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் அண்மைக் காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2020 பிப்ரவரி 7ஆம் தேதி கொரோனா எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்குப் போனதும் பேரங்காடிகளில் அரிசியும் நூடுல்ஸும் கழிப்பறைத் தாளும் காலியாயின. சில நாளில் அலமாரிகள் மறுபடி நிறைந்துவிட்டன. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரி விதித்தது. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் அரிசி வாங்குகிறவர்களுக்கு அந்தச் செய்தி வந்த வாரம் நினைவிருக்கும். அப்போதும் கையிருப்பு இருந்தது. இங்கே அரிசி இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியைப் போல இரு மடங்கு அளவை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்க விதியே உண்டு.

ஆக நமக்கு வரக்கூடிய தொல்லை பெரும்பாலும் இரண்டு வகை: சில நாள் அலமாரி காலியாக இருக்கும், அல்லது சில மாதம் விலை ஏறி நிற்கும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் வெளியே போக முடியாத வாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரையிலான உணவு போதும் என்பது என் கணிப்பு. ஓர் ஆண்டுக்குச் சேமிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு முதலில் இடம் தீரும், பிறகு பொறுமை தீரும்.

சர்விங் கணக்கை மறந்துவிடுங்கள்

ஒரு சர்விங் என்றால் எவ்வளவு என்பதை விற்பவர்தான் முடிவு செய்கிறார். பல வாளிகளில் சர்க்கரை போட்ட ஆரஞ்சுப் பானப் பொடியும் சர்விங் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். அதனால் பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, மொத்தம் எத்தனை கலோரி என்று பாருங்கள். கிலோஜூலில் மட்டும் போட்டிருந்தால் 4.2ஆல் வகுத்தால் கலோரி கிடைத்துவிடும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 கலோரி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு வாளியை எடுத்துப் பார்ப்போம். இங்கே நான் போடும் விலைகள் கணக்குக்காகத்தான். நீங்கள் வாங்கும் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 120 சர்விங், ஒவ்வொன்றிலும் 200 கலோரி என்றால் மொத்தம் 24,000 கலோரி. ஒருவருக்கு 12 நாள், நான்கு பேர் வீட்டுக்கு வெறும் மூன்று நாள். வாளி 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கப்பல் அல்லது விமானக் கூலி 60 வெள்ளி, அதன் மேல் 9 சதவீதம் பொருள் சேவை வரி. மொத்தம் 283 வெள்ளிக்கு வந்துவிடும். 1,000 கலோரிக்கு ஏறத்தாழ 11 வெள்ளி 80 காசு.

இப்போது 5 கிலோ பொன்னி அரிசி. 100 கிராம் அரிசியில் சுமார் 360 கலோரி, ஆகவே மூட்டையில் 18,000 கலோரி. 12 வெள்ளிக்கு வாங்கினால் 1,000 கலோரிக்கு 67 காசு. சமையல் எண்ணெய் இதைவிடவும் மலிவாக வரலாம். ஒரு லிட்டரில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது.

ஆனால் கலோரி மட்டும் பார்த்தால் அரிசி, எண்ணெய், சர்க்கரை மூன்றோடு கடை மூடிவிடும். அதனால் புரதத்துக்குத் தனியாக ஒரு கணக்குப் போடுங்கள். 1 கிலோ துவரம்பருப்பில் சுமார் 220 கிராம் புரதம். 3 வெள்ளி 50 காசு என்றால் ஒரு கிராம் புரதம் இரண்டு காசுக்கும் குறைவு. தக்காளிச் சாறில் போட்ட மத்தி மீன் டின், 230 கிராம், அதே விலைக்கு வாங்கினால் 35 கிராம் புரதம் கிடைக்கும். கிராமுக்குப் பத்துக் காசு. பார்த்தால் பருப்புதான் ஜெயிக்கிறது. ஆனால் பருப்புக்கு அடுப்பும் தண்ணீரும் நேரமும் வேண்டும். மீன் டின்னுக்கு மூடியைத் திறந்தால் போதும். கூடுதலாகக் கொடுக்கிற எட்டுக் காசு அந்த வசதிக்குத்தான். அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

28 டிகிரியில் ஆயுள் எவ்வளவு?

உணவு விஞ்ஞானத்தில் எளிய கணக்கு ஒன்று உண்டு: வெப்பம் 10 டிகிரி ஏறினால் உணவு தரம் இழக்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 21 டிகிரியில் 25 ஆண்டு என்று சொன்ன பொருள் 28 டிகிரியில் 15 ஆண்டு பக்கம் வந்து நிற்கும். இதுவே தோராயம்தான், வைட்டமின்கள் இன்னும் முன்னதாகவே குறையும்.

ஈரம் உள்ள உணவில் வெப்பத்தின் வேலை இன்னும் கடுமை. அமெரிக்க ராணுவத்தின் எம்ஆர்இ (வீரர்களுக்குச் சமைத்து அடைத்த உணவு) பொட்டலங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் நமக்கு நன்றாகவே பொருந்தும்: 27 டிகிரியில் மூன்று ஆண்டு, 38 டிகிரியில் ஆறு மாதம். 27 டிகிரி என்பது நம் வீட்டின் சாதாரண நாள். 38 டிகிரி, மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரம் இருக்கும் மூடிய அலமாரியில் மதிய வேளையில் எட்டிவிடக்கூடியது. எனவே எந்த பிராண்டையும் ஒப்பிடுமுன் வீட்டில் எங்கே வைக்கப் போகிறோம் என்று பார்த்துவிடுங்கள். ஒரு சின்ன வெப்பமானி வாங்கி ஒரு வாரம் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், போதும்.

1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டிய வீடுகளில் பாம்ப் ஷெல்டர் (குண்டுவீச்சின்போது ஒதுங்கும் அறை) இருக்கும். வெயில் படாத, வெளிச்சம் புகாத, தடித்த கான்கிரீட் அறை. உணவு வைக்க இதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் அங்கே பழைய காலணியும் உடைந்த மின்விசிறியும் குடியிருக்கின்றன என்பது வேறு கதை. தனியாக நிற்கும் இரும்பு ரேக் போடுங்கள். சுவரில் இஷ்டத்துக்குத் துளை போடக் கூடாது, காற்றுத் துளைகளை மறைக்கக் கூடாது. குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளை ஒரு முறை படித்துவிடுங்கள். அடுப்புக்கு மேல் உள்ள அலமாரியும் குளிர்பதனப் பெட்டியின் உச்சியும் சேமிப்புக்கு ஆகவே ஆகாது.

பிராண்டுகளை வகை வகையாகப் பார்ப்போம்

உறைய வைத்து உலர்த்திய உணவில் மௌண்டன் ஹவுஸுக்குத்தான் பெயர் அதிகம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து நிறுவனம். பொட்டலத்துக்கு 30 ஆண்டு சுவை உத்தரவாதம் தருகிறார்கள். சமைத்த பிறகு உலர்த்துவதால் கொதிநீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் சாப்பாடு தயார். ருசியும் மோசமில்லை. ஆனால் 600 கலோரி உள்ள பொட்டலம் இங்கே வந்து சேரும்போது 18 வெள்ளி ஆகிறது என்று வைத்தால், 1,000 கலோரிக்கு 30 வெள்ளி. மேலும் பாஸ்தா, சீஸ், மாட்டிறைச்சி என்று போகிற பட்டியலில் நம் வீட்டுப் பாட்டி எதைச் சாப்பிடுவார்? உப்பும் அதிகம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சோடியம் அளவைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மலையேறுகிறவர்களுக்கு, எடை குறைவாக வேண்டியவர்களுக்கு இது சரி. வீட்டுச் சேமிப்புக்கு நான் வாங்க மாட்டேன்.

இதே நிறுவனங்கள் பெரிய டின்னிலும் விற்கின்றன, கலோரிக் கணக்கில் அது மலிவு. ஆனால் திறந்த பிறகு ஒரு வாரத்துக்குள் முடிக்கச் சொல்வார்கள். நம் ஊர்க் காற்றில் உலர்த்திய உணவு மூடி திறந்த சில மணி நேரத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நான்கு பேர் ஒரே பண்டத்தை ஒரு வாரம் சாப்பிட வேண்டும் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாளி வகை உணவுகள் மௌண்டன் ஹவுஸ் பொட்டலத்தைவிடக் கலோரிக்கு மலிவு. அவற்றில் பல சூப், கஞ்சி, உருளைக்கிழங்குப் பொடி வகை. சிலவற்றை 15, 20 நிமிடம் அடுப்பில் வைத்துக் கிளற வேண்டும். அடுப்பு வேண்டும் என்றால் அரிசி பருப்பே மேல் அல்லவா? எனக்கு இந்த வகையின் நியாயம் இன்றுவரை விளங்கவில்லை.

ஜப்பானின் ஓனிஷி நிறுவனத்து ஆல்ஃபா அரிசி நம் வசிப்பிடத்துக்கு மிகவும் பொருந்துகிற வெளிநாட்டுப் பொருள். பூகம்ப நாட்டில் பிறந்த யோசனை. சமைத்து உலர்த்திய சோறு. 100 கிராம் பொட்டலத்தில் கொதிநீர் ஊற்றினால் 15 நிமிடத்தில், சாதாரணத் தண்ணீர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் 260 கிராம் சோறு. ஐந்து ஆண்டு தாங்கும் என்கிறார்கள். சுமார் 360 கலோரி. 5 வெள்ளிக்குக் கிடைத்தால் 1,000 கலோரிக்கு 14 வெள்ளி. விலை உயர்வுதான், ஆனால் கரண்டு இல்லாத நாளில் பச்சைத் தண்ணீரில் ஆகிற சோறு. வெள்ளைச் சோறு வகையை எடுத்தால் ஊறுகாயோடு யாரும் சாப்பிடுவார்கள். ஓர் ஆளுக்கு மூன்று நான்கு பொட்டலம் போதும்.

அடுத்தது, தேக்காவிலும் முஸ்தபா பேரங்காடியிலும் கிடைக்கும் எம்டிஆர் போன்ற ரிடார்ட் பைகள். பொங்கல், பிசிபேளா பாத், ராஜ்மா, பாலக் பனீர் என்று சமைத்துப் பையில் அடைத்து உயர் வெப்பத்தில் கிருமி நீக்கியவை. இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பம் மைசூரில் உள்ள ராணுவ உணவு ஆய்வுக்கூடத்திலிருந்து தனியார் நிறுவனங்களுக்கு வந்தது. ஆயுள் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டுதான். 1,000 கலோரிக்கு 10 வெள்ளி பக்கம் வரும். ஆனாலும் சூடு பண்ணாமலே சாப்பிடலாம், தண்ணீர் தேவையில்லை, சைவம், நம் நாக்கு மறுக்காது. ஆயுள் குறைவு என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். மாதம் ஒன்றிரண்டு எடுத்துச் சாப்பிட்டுப் புதிதாக வாங்கி வைத்தால் பை எதுவும் தேதி தாண்டாது.

டின் மீனில் ஆயம் பிராண்ட் நம் ஊர்ப் பிள்ளை. 1892இல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வணிகம். டின்களில் பிராண்டைவிட டின்னின் நிலைதான் முக்கியம். விளிம்பில் நசுங்கியது, துருப்பிடித்தது, உப்பியது எதையும் தொடாதீர்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு வசதி, இங்கே விற்கும் டின்களில் பலவற்றில் ஹலால் முத்திரை இருக்கும். வெளிநாட்டு வாளிகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

கடைசியாக, கப்பல் உயிர்காப்புப் படகுகளில் வைக்கும் கட்டி ரொட்டிகள். டேட்ரெக்ஸ், எஸ்ஓஎஸ், மெயின்ஸ்டே போன்றவை. 3,600 கலோரி உள்ள ஒரு கட்டி, ஐந்து ஆண்டு ஆயுள். கடலில் வெயிலில் கிடக்க வேண்டும் என்று செய்ததால் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். தாகமும் அதிகம் எடுக்காது. துறைமுக ஊர் என்பதால் கப்பலுக்குப் பொருள் வழங்கும் வணிகர்களிடம் விசாரித்துப் பார்க்கலாம். 18 வெள்ளிக்கு வாங்கினால் 1,000 கலோரிக்கு 5 வெள்ளி. இனிப்பான மாவுக்கட்டியைப் போல இருக்கும், ஆசைப்பட்டுச் சாப்பிடுகிற பண்டம் இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றதும் அல்ல. அவசரப் பையில் ஆளுக்கு ஒன்று போட்டு மறந்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

400 வெள்ளிக்குள் இருக்கும் பொருளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, பதிவு செய்த இணைய விற்பனையாளர்கள் விலையோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். அதற்கு மேல் போனால் சுங்கத்தில் கட்ட வேண்டும். வாளி எடை குறைவாக இருந்தாலும் இடத்தை அடைப்பதால் கூலியைப் பருமன் கணக்கில் போடுவார்கள். இறைச்சி கலந்த உணவாக இருந்தால் சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதித்த நாட்டிலிருந்து வருகிறதா, எவ்வளவு கொண்டுவரலாம் என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். எதை வாங்குவதானாலும் முதலில் ஒரே ஒரு பொட்டலம் வாங்கி வீட்டில் எல்லோரும் ருசி பாருங்கள்.

நாமே அடைத்து வைப்பது

மலிவும் நம்பகமும் இதில்தான். பாலிஷ் போட்ட பச்சரிசி, புழுங்கலரிசி, துவரை, கடலைப்பருப்பு, முழு உளுந்து, அவல், ரவை எல்லாம் இதற்கு ஆகும். கைக்குத்தல் அரிசியும் பழுப்பரிசியும் தவிட்டில் எண்ணெய் உள்ளதால் சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். சிறுதானியம் சேமிக்க ஆசையிருந்தால் தானியமாகவே வையுங்கள். கம்பு மாவு சில நாளிலேயே கசந்துவிடும்.

கடையிலிருந்து வரும்போதே அரிசிக்குள் வண்டின் முட்டை இருக்கலாம். மூட்டையைச் சிறு சிறு பைகளாகப் பிரித்து உறைபெட்டியில் நான்கு நாள் வையுங்கள். எடுத்த பிறகு பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நம் ஊர் ஈரக் காற்று குளிர்ந்த அரிசியின் மேல் நீராகப் படிந்து, வண்டுக்குப் பதிலாகப் பூசணம் வரும். அப்புறம் மைலார் பையில் (காற்றும் வெளிச்சமும் புகாத, உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் பை) நிரப்பி, ஆக்சிஜன் உறிஞ்சி போட்டு, துணி தேய்க்கும் பெட்டியால் வாயை ஒட்டுங்கள். 4 லிட்டர் பைக்கு 300 முதல் 500 சிசி (கன சென்டிமீட்டர்) ஆக்சிஜனை இழுக்கும் திறன் வரையிலான உறிஞ்சி தேவைப்படும். உறிஞ்சிப் பொட்டலத்தைத் திறந்தால் சில நிமிடத்துக்குள் எல்லாப் பைகளையும் ஒட்டிவிட வேண்டும்; அதில் இருப்பது இரும்புத் தூள், காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரைக்கும் உப்புக்கும் உறிஞ்சி போடாதீர்கள், கல்லாகிவிடும். சரியாகக் காயாத வற்றல், கருவாடு, உப்புக்கண்டம் எதையும் இப்படிக் காற்றில்லாமல் அடைக்கவே கூடாது, நச்சுக் கிருமிக்கு அது வசதி.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் இறுக மூடும் டப்பாவும் காய்ந்த மிளகாயும் வசம்பும் இருக்கவே இருக்கின்றன. இரண்டு மூன்று மாதத்துக்கு அது தாங்கும். தேக்கா கடைகளில் எண்ணெய் பூசிய துவரம்பருப்பு கிடைத்தால் அதை வாங்குங்கள். ஊரில் விளக்கெண்ணெய் தடவி வைப்பார்களே, அதே யோசனைதான்.

அவலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியளவே கலோரி, பச்சைத் தண்ணீரில் ஊறும், அடுப்பு வேண்டாம், ஆல்ஃபா அரிசி செய்யும் வேலையில் முக்கால் பங்கை அதன் விலையில் சிறு பகுதிக்குச் செய்துவிடும். வெல்லமும் வறுத்த வேர்க்கடலையும் பக்கத்தில் இருந்தால் ஒரு வேளை முடிந்தது.

ஒரு குடும்பத்துக்கு எப்படிப் பிரிப்பது?

நான்கு பேருக்கு இரண்டு வாரம் என்றால் 1,12,000 கலோரி. 15 கிலோ அரிசி, 3 கிலோ அவல், 6 கிலோ பருப்பு, 2 லிட்டர் எண்ணெய் வைத்தாலே ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். மிச்சத்தை மீன் டின், பால் மாவு, வெல்லம், ரிடார்ட் பைகள் பார்த்துக்கொள்ளும். ரிடார்ட் பையும் டின்னும் சேர்த்து ஆளுக்கு ஐந்தாறு வேளைக்கு, ஆல்ஃபா அரிசி மூன்று, படகுக் கட்டி ஒன்று. சிறப்புப் பொருள்களுக்கான செலவு மொத்தத்தில் கால் பங்கைத் தாண்ட ஆரம்பித்தால் எங்கோ ஆசை புகுந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரையும் மறக்க வேண்டாம்: குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 2, 3 லிட்டர், குறைந்தது மூன்று நாளைக்கு.

பை மேல் வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதுங்கள். புதியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் இழுத்து அன்றாடச் சமையலுக்கு எடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினத்தன்று வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தேதி பாருங்கள். அன்று இரவு அடுப்பு பற்றவைக்காமல், சேமிப்பில் உள்ளதை மட்டும் வைத்து ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். எதைப் பிள்ளைகள் ஒதுக்குகிறார்களோ அதை அடுத்த முறை வாங்காதீர்கள்.